அடுத்த ஆட்டம் எப்போது?

1880களில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்தில் வில்லியம் மெக்ரெகர் என்றொரு துணிக்கடைக்காரர் இருந்தார். ஸ்காட்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்து ஆஸ்டன் பக்கம் கடை போட்டவர். கால்பந்து என்றால் உயிர். ஆனாலும் மைதானத்தில் இறங்கி ஆடிப் பேர் வாங்கியவர் அல்லர். ஆஸ்டன் வில்லா கிளப்பின் நிர்வாகக் குழுவில் உட்கார்ந்து நல்லது கெட்டது பார்த்தவர். வியாபாரிக்கு எங்கே போனாலும் கணக்குதான் முதலில் கண்ணில் படும். அவர் கண்ணில் பட்ட கணக்கு கவலைக்கிடமாக இருந்தது.

ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் தரலாம் என்று 1885இல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் அனுமதித்திருந்தது. சம்பளம் வாரா வாரம் தந்தாக வேண்டும். ஆட்டம் வாரா வாரம் நடக்கும் என்பதற்கோ எந்த உத்தரவாதமும் இல்லை. கோப்பைப் போட்டி ஒன்று இருந்தது. அதில் ஒரு தடவை தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மற்ற சனிக்கிழமைகளில் கிளப்புகள் தங்களுக்குள் பேசிவைத்து நட்பு ஆட்டம் ஆடின. எதிரணிக்குத் திடீரென்று கோப்பை ஆட்டம் வந்துவிட்டால் பேசிவைத்தது காற்றோடு போகும். டிக்கெட் வாங்க வந்த கூட்டம் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பும். வசூல் நின்றுபோனாலும் சம்பளம் நிற்காது. இப்படியே போனால் கிளப்புகள் ஒவ்வொன்றாக மூழ்கும் என்பது மெக்ரெகருக்குத் தெளிவாகத் தெரிந்தது. என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை.

1888 மார்ச் 2ஆம் தேதி அவர் பேனாவை எடுத்தார். முக்கியமான சில கிளப்புகளுக்குக் கடிதம் எழுதினார். பத்துப் பன்னிரண்டு கிளப்புகள் ஒன்றுகூடி, சொந்த ஊரில் ஓர் ஆட்டம், எதிரணியின் ஊரில் ஓர் ஆட்டம் என்று ஆண்டு முழுமைக்கும் முன்கூட்டியே தேதி குறித்துக்கொண்டால் என்ன என்று கேட்டார். அவ்வளவுதான் யோசனை. ஏப்ரல் 17ஆம் தேதி மான்செஸ்டர் நகரத்து ஓட்டல் ஒன்றில் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். பன்னிரண்டு கிளப்புகள் சேர்ந்தன. செப்டம்பர் 8ஆம் தேதி முதல் ஆட்டங்கள் நடந்தன. ஆனால் ஒரு பெரிய விஷயத்தை அவசரத்தில் முடிவு செய்யாமலே விட்டுவிட்டார்கள்.

யார் முதலிடம் என்று எப்படித் தீர்மானிப்பது? ஆட்டங்கள் நடந்துகொண்டிருந்தன, புள்ளிக் கணக்குக்கு மட்டும் விதி இல்லை. நவம்பர் மாதம்தான் அது முடிவானது: வென்றால் 2, சமன் செய்தால் 1. அந்தக் கணக்கில் பிரெஸ்டன் என்ற பஞ்சாலை நகரத்தின் அணி 22 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல், 18 வெற்றி, 4 சமன் என்று 40 புள்ளிகளோடு முதலிடம் பிடித்தது. இந்த ஏற்பாட்டை நடத்திக்காட்டியது ரயில்தான். சனிக்கிழமை காலையில் ஏறி எதிரணியின் ஊருக்குப் போய் ஆடிவிட்டு இரவே திரும்ப முடிந்ததால்தான் குறித்த தேதியில் ஆட்டம் நடந்தது. அந்தக் காலத்திலேயே நம் கடலூருக்கும் தென்னிந்திய ரயில்வேயின் வண்டி வந்துவிட்டிருந்தது. தண்டவாளம் வந்த ஊருக்குத் தேதி வந்து சேர நூற்றாண்டுக்கு மேல் ஆகும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அதே பிரெஸ்டன் நகரம் இன்னொரு திருப்பத்தையும் வைத்திருந்தது. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, டிக், கெர் என்ற தொழிற்சாலையில் வெடிகுண்டு செய்யும் வேலைக்குப் பெண்கள் வந்தார்கள். இடைவேளையில் பந்து உதைத்தார்கள். பிறகு அணி அமைத்தார்கள். காயம்பட்ட வீரர்களுக்கு நிதி திரட்ட ஊர் ஊராகப் போய் ஆடினார்கள். 1920 டிசம்பர் 26ஆம் தேதி லிவர்பூல் நகரத்து குடிசன் பார்க் மைதானத்தில் அவர்கள் ஆடியதைப் பார்க்க 53,000 பேர் உள்ளே வந்தார்கள்; இடமில்லாமல் ஆயிரக்கணக்கானோர் வெளியே நின்றார்கள். பெண்கள் ஆட்டத்துக்கு இத்தனை கூட்டமா என்று பத்திரிகைகள் வாய்பிளந்தன. கால்பந்துச் சங்கமும் அந்தக் கூட்டத்தைக் கவனித்துக்கொண்டிருந்தது.

ஓராண்டுகூட முழுதாக முடியவில்லை. 1921 டிசம்பர் 5ஆம் தேதி சங்கம் ஒரு தீர்மானம் போட்டது: தன்னோடு இணைந்த எந்தக் கிளப்பும் பெண்கள் ஆட்டத்துக்கு மைதானம் தரக் கூடாது. பெண்களுக்கு இந்த ஆட்டம் பொருந்தாதாம். காசு சரியாகக் கணக்குக் காட்டப்படவில்லை என்ற பழி வேறு. நிதி திரட்டித் தந்தவர்களுக்குக் கிடைத்த பரிசு இது. அந்தத் தடை 1970களின் தொடக்கம் வரை, கிட்டத்தட்ட 50 ஆண்டுகள் நீடித்தது. இரண்டு தலைமுறைப் பெண்களின் ஆட்டம் பொதுப் பூங்காக்களுக்குத் துரத்தப்பட்டது. கால்பந்து வரலாற்றில் இதைவிடப் பெரிய அநியாயம் ஒன்றைத் தேடினாலும் கிடைப்பது கடினம். ஆண்களுக்குத் துணிக்கடைக்காரர் வாங்கித் தந்த நிச்சயம், பெண்கள் பக்கம் வந்த வேகத்தில் திரும்பிப் போனது.

ஆண்களின் கதை கடல் தாண்டி வளர்ந்தது. இத்தாலியில் முதல் சாம்பியன் போட்டி நடந்தது 1898 மே 8ஆம் தேதி, டூரின் நகரத்தில். நான்கே நான்கு அணிகள். காலையில் அரையிறுதி, பிற்பகலில் இறுதி. ஜெனோவா வென்றது, சாயங்காலத்துக்குள் நாட்டின் சாம்பியன் யார் என்று தெரிந்துவிட்டது. ஒரே நாளில் முடிந்துபோன அந்தச் சாம்பியன் போட்டியிலிருந்து, இன்றைய முதல் வரிசை லீகான சீரி ஆ வரை வந்து சேர இத்தாலிக்கு 31 ஆண்டுகள் பிடித்தன. வழியில் நடந்தது கொஞ்சநஞ்சமல்ல. வட்டாரம் வட்டாரமாக ஆடிப் பிறகு ஒன்று சேரும் முறையில் அணிகள் பெருகிப் பெருகி நிர்வாகம் திணறியது. 1921இல் பெரிய கிளப்புகள் கோபித்துக்கொண்டு தனியே போய்விட, ஒரே ஆண்டில் நாட்டுக்கு இரண்டு சாம்பியன்கள். 1927இல் டூரின் அணி வென்ற பட்டம் லஞ்சப் புகாரில் பறிக்கப்பட்டது. இனியாவது எல்லோரும் ஒரே பட்டியலில், ஒருவரோடொருவர் இரண்டு முறை ஆடட்டும் என்று இத்தாலியக் கால்பந்துக் கூட்டமைப்பு முடிவெடுத்தது. பதினாறு அணிகள் என்று திட்டம். அங்கேதான் ஒரு சிக்கல் முளைத்தது.

கடைசி இடத்துக்கு ரோம் நகரத்தின் லாட்சியோவும் தெற்கின் நாபொலியும் சம புள்ளிகளில் நின்றன. முடிவு காண ஒரு தனி ஆட்டம் வைத்தார்கள். அதுவும் 2–2 என்று சமனில் முடிந்தது! மறுபடியும் ஆட வைப்பதா, சீட்டுக் குலுக்குவதா? கூட்டமைப்பு மூன்றாவது வழியைப் பிடித்தது. இரண்டு அணிகளையும் உள்ளே எடுத்துக்கொண்டது. எண்ணிக்கை சரிவர வடகிழக்கு எல்லையிலிருந்து திரியெஸ்தினாவையும் சேர்த்தது. பதினாறு, பதினெட்டானது. அந்தச் சமன் ஆட்டம் மட்டும் வேறு விதமாக முடிந்திருந்தால் தெற்கின் பெரிய நகரமோ நாட்டின் தலைநகரத்துப் பழைய கிளப்போ முதல் சீரி ஆ பட்டியலில் இருந்திருக்காது. 1929 அக்டோபர் 6ஆம் தேதி ஆட்டம் தொடங்கியது. ஒவ்வோர் அணிக்கும் 34 ஆட்டங்கள். மிலானின் அம்ப்ரோசியானா, பின்னாளில் எல்லோரும் இன்டர் என்று கொண்டாடும் அணி, சாம்பியன் ஆனது. பத்தொன்பது வயது ஜுசெப்பே மெயாட்சா 31 கோல் அடித்தார்.

அதே 1929இல்தான் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. ஆண்டு மட்டும் ஒன்று. ஆனால் பின்னாளில் நம் பக்கத்துப் பிள்ளைகள் விளையாட்டில் நீடிக்கக் கிடைத்த வாசல்களில் ஒன்று பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி. படிக்கிற வரைக்கும் அது உண்டு. மண்டலப் போட்டி, அதில் தேறினால் அகில இந்தியப் போட்டி, அப்புறம் பட்டம், அப்புறம்? அந்த ‘அப்புறம்’ பெண்களுக்கு நெடுங்காலம் காலியாகவே இருந்தது.

இந்தியப் பெண்கள் கால்பந்துக்கு 1975இல்தான் தனிச் சங்கம் வந்தது. அந்த ஆண்டே முதல் தேசியப் போட்டி நடந்தது. 1991 முதல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு மாநிலங்களுக்கு இடையிலான மகளிர் சாம்பியன் போட்டியை நடத்தத் தொடங்கியது. தொடங்கிய நாளிலிருந்து அது ஏறக்குறைய மணிப்பூரின் சொந்தச் சொத்து மாதிரிதான். பதினைந்து முறைக்கும் மேல் கோப்பை இம்பாலுக்கே போனது. மற்ற மாநிலத்துப் பெண்களுக்கு அந்தப் போட்டி எப்படி இருந்தது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் நெஞ்சு கனக்கும். ஆண்டுக்கு ஒரு தடவை தேர்வு முகாம். பிறகு இரண்டு நாள், மூன்று நாள் ரயில். குழுச் சுற்றில் சில ஆட்டங்கள். தோற்றால் மறுபடி ரயில். கையில் மிஞ்சுவது ஒரு சான்றிதழ். அதைப் பிளாஸ்டிக் ஃபைலில் மடங்காமல் வைத்து, வீட்டுக்கு வந்ததும் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கான ‘ஃபார்ம் டூ’வில் சங்கத்தின் கையெழுத்தும் முத்திரையும் வாங்க அலைவார்கள். அந்தத் தாள் கல்லூரியில் இடம் வாங்கித் தரும், அதிர்ஷ்டம் இருந்தால் வேலையும் வாங்கித் தரும். ஆனால் அடுத்த ஆட்டம் எப்போது என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்காது.

பதில் தேடி நிற்கும் அந்தக் கூட்டத்தில் கடலூர் வந்து சேர்ந்தது ஒரு பேரிடரின் வழியாக.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. குடிசன் பார்க் நிரம்பி வழிந்த நாளிலிருந்து சரியாக 84 ஆண்டுகள். காலை எட்டரை மணி வாக்கில் கடல் கடலூர்க் கரைக்குள் நுழைந்தது. தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம், தாழங்குடா என்று குப்பம் குப்பமாக வாரிக்கொண்டு போனது. சிதம்பரத்துக்குக் கிழக்கே, கிள்ளையை ஒட்டிய எம்ஜிஆர் திட்டு சின்னாபின்னமானது. பிச்சாவரத்துச் சதுப்புக் காட்டுக்குப் பின்னால் இருந்த டி.எஸ்.பேட்டை போன்ற ஊர்கள் மரங்களின் தயவால் பெரிய சேதமில்லாமல் தப்பின. அந்த உண்மையைப் பின்னர் ஆராய்ச்சியாளர்கள் அளந்தே காட்டினார்கள். மரம் மறைக்காத இடங்களில் மாவட்டம் முழுக்க 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் கன்னியாகுமரியிலும் அரசு காப்பகங்கள் திறந்தது. சோறும் துணியும் பள்ளிக்கூடமும் கிடைத்தன. பள்ளி விட்டு வந்த பிறகு இருட்டும் வரை என்ன செய்வது என்பது யார் திட்டத்திலும் இல்லை.

அந்த நேரத்தை நிரப்ப வந்தது பந்து. கடலூரில் மாரியப்பன் என்ற பயிற்சியாளர் பெண் பிள்ளைகளைக் கால்பந்துக்கு இழுத்தார். காப்பகத்திலிருந்து, மீனவக் குப்பங்களிலிருந்து, அரசு விடுதிகளிலிருந்து, சுற்றுப்புறக் கிராமத்துக் கூலிக் குடும்பங்களிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். அந்த முயற்சி இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாடமி என்ற பெயரில் நிலைபெற்றது. பெயரிலேயே கல்வியும் இருப்பது சாதாரணமாகப் படலாம். உண்மையில் பெற்றோரைச் சம்மதிக்க வைத்தது அந்தச் சொல்தான் என்று நினைக்கத் தோன்றுகிறது. வயசுக்கு வந்த பெண்ணை அரைக்கால் சட்டையில் மைதானத்துக்கு அனுப்பு என்றால் எந்தத் தாய் உடனே தலையாட்டுவாள்? படிப்பு வரும், சான்றிதழ் வரும், வேலை வரும் என்றால் யோசிப்பாள். வந்த பிள்ளைகளில் ஒருத்தி 1994இல் பிறந்த இந்துமதி கதிரேசன்.

பண்ருட்டியிலிருந்து வந்த சந்தியா ரங்கநாதனுக்கு வேறு வழி. கடலூரில் அரசு விடுதியில் தங்கிப் படித்த பிள்ளை. விடுதியின் மூத்த மாணவிகள் பந்தோடு வெளியூர் போய்ப் போய்த் திரும்புவதைப் பார்த்தாள். ஆட்டத்தின் மேல் ஆசை வந்தது. அதற்கிடையில், 2011 டிசம்பர் 30ஆம் தேதி ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிப் பண்ருட்டியின் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. நான்கே ஆண்டில், 2015இல் பெருவெள்ளம். இத்தனைக்கும் நடுவில் கடலூர்ப் பெண்கள் பந்தை விடவில்லை. இந்துமதி இந்திய அணிக்குள் நுழைந்தார். தமிழ்நாடு காவல் துறையில் உதவி ஆய்வாளரும் ஆனார். ஆனால் அவர்கள் தயாராக இருந்த அளவுக்கு நாடு தயாராக இல்லை. ஆண்களுக்கு 1996 முதலே தேசிய லீக் இருந்தது. பெண்களுக்கு இருந்தது அதே ஆண்டுக்கு ஒரு ரயில் பயணம்.

2017 ஜனவரி 28ஆம் தேதி டெல்லி அம்பேத்கர் மைதானத்தில் இந்திய மகளிர் லீக் பிறந்தது. ஆறு அணிகள், அதில் ஜேப்பியார் கல்லூரி அணியும் ஒன்று. பிப்ரவரி 14ஆம் தேதி எல்லாம் முடிந்துவிட்டது. மொத்தம் 18 நாள். 1898இல் டூரினில் ஒரே நாளில் முடிந்ததைவிடப் பரவாயில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். லீக் என்ற பெயர் இருந்தது. எல்லோரும் ஒரே ஊரில் கூடி, ஆடி, கலைந்தார்கள். சொந்த ஊர்க் கூட்டம் என்று ஒன்று இல்லை. ஆண்டு முழுவதும் சம்பளம் தர எந்தக் கிளப்புக்கும் காரணமும் இல்லை. இந்த 18 நாள் கணக்கை உடைக்க ஏதாவது நடந்தாக வேண்டும்.

நடந்தது கட்டாக்கில். 2018 பிப்ரவரியில் மாநிலங்களுக்கு இடையிலான போட்டியின் இறுதிக்குத் தமிழ்நாடு வந்தது. எதிரில், வேறு யார், மணிப்பூர். தமிழ்நாட்டு அணியில் கடலூர்ப் பெண்கள் கணிசமாக இருந்தார்கள். சுனாமியில் குடும்பத்தைப் பறிகொடுத்தவர்களும் அவர்களில் உண்டு. ஆட்டம் 2–1. தமிழ்நாட்டின் இரண்டு கோல்களில் ஒன்று இந்துமதியின் காலிலிருந்து வந்தது. மாநில வரலாற்றில் முதல் முறையாக அந்தக் கோப்பை தெற்கே புறப்பட்டது. அடுத்த சில வாரங்களில் ஷில்லாங்கில் நடந்த மகளிர் லீகின் இரண்டாம் பதிப்பில் நாட்டின் ஏழு அணிகளில் ஒன்றாகக் கடலூரின் இந்திரா காந்தி அகாடமி இறங்கியது. மதுரையிலிருந்து சேது எஃப்சியும் வந்திருந்தது. கோப்பை ஒடிசாவின் ரைசிங் ஸ்டூடண்ட்ஸ் கிளப்புக்குப் போனது. ஆனால் கடலூரில் பள்ளி விட்ட நேரத்தை நிரப்பத் தொடங்கிய ஆட்டம் நாட்டின் முதல் வரிசை லீக் வரை போய்விட்டது. அடுத்த ஆண்டு என்ன ஆகும்?

2019 போல ஓர் ஆண்டு தமிழ்நாட்டுக் கால்பந்துக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை. மார்ச் 9ஆம் தேதி கோயம்புத்தூரில் ஆண்கள் ஐ-லீகின் கடைசி நாள். சென்னை சிட்டி எஃப்சி வென்றால் சாம்பியன். வழுக்கினால் ஈஸ்ட் பெங்கால் பட்டத்தைத் தட்டிச் செல்லும். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே எதிரணியான மினர்வா பஞ்சாப் கோல் அடித்துவிட்டது. கேரளத்தில் அதே நேரத்தில் ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருந்தது. இடைவேளை வரை நிலைமை மாறவில்லை. பிறகுதான் பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார். 3–1. சென்னை 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42. இருபது ஆட்டங்கள், நான்கரை மாதங்கள், ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். மெக்ரெகர் கனவு கண்டது இந்த மாதிரி ஒரு சனிக்கிழமையைத்தான்; அன்றைக்குக் கிழமையும் சனிக்கிழமைதான்.

இரண்டு மாதம் கழித்து லூதியானா. மே மாதத்துப் பஞ்சாப் வெயில். மகளிர் லீகின் மூன்றாம் பதிப்பு, குரு நானக் மைதானத்தில், பன்னிரண்டு அணிகள். 5ஆம் தேதி தொடங்கி 22ஆம் தேதி முடிந்தது. இறுதி வரை போகும் அணிக்கு ஏழு ஆட்டங்கள், மறுபடியும் அதே 18 நாள். அந்த நாட்களுக்குள் சேது எஃப்சி எல்லாவற்றையும் செய்து முடித்தது. இறுதியில் மணிப்பூர் போலீஸ் அணியை 3–1 என்று வென்றது. இந்துமதி அந்த அணியில் ஆடினார். போட்டியின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருது சந்தியா ரங்கநாதனுக்குக் கிடைத்தது. விடுதியில் அக்காமாரின் பயணத்தைப் பார்த்து ஏங்கிய பண்ருட்டிப் பிள்ளை அப்போது நாட்டின் முதல் வரிசை லீகில் முதலிடம். ஒரே பருவத்தில் ஆண்கள் பட்டமும் பெண்கள் பட்டமும் தமிழ்நாட்டில். ஆனால் ஆண்களுக்கு நான்கரை மாதம், பெண்களுக்கு இரண்டரை வாரம். இந்த வித்தியாசத்தை யாராலும் மறைக்க முடியவில்லை.

சரிசெய்யும் நேரம் வந்ததென்று நினைத்தபோது கொரோனா வந்தது. 2020 ஊரடங்கில் இந்திய அணியின் நடுக்கள ஆட்டக்காரர் இந்துமதி காக்கி உடுப்பில், முகக்கவசத்தோடு சென்னைச் சாலைகளில் வாகனங்களை நிறுத்திக்கொண்டிருந்தார். 2020–21 மகளிர் லீக் நடக்கவேயில்லை. 2022இல் ஒடிசாவில் பன்னிரண்டு அணிகள் ஒருவரோடொருவர் ஒரு முறை ஆடின. கடைசி ஆட்டத்தில் கோகுலம் கேரளாவும் சேதுவும் மோத, அந்த ஆட்டத்தில்தான் பட்டம் முடிவாகும் என்ற நிலை. கோகுலம் 3–1 என்று வென்று கோப்பையைக் கொண்டுபோனது. சேதுவுக்கு அது இதயம் நொறுங்கிய மாலை. ஆனால் எல்லோருடனும் எல்லோரும் ஆடிக் கடைசி நாளில் பட்டம் முடிவாகும் ருசியை மகளிர் லீக் அன்றைக்குத்தான் முழுசாகக் கண்டது. அந்த ருசியை ஒரே ஊருக்குள் பூட்டி வைப்பது இனி முடியாது என்று ஆனது.

அப்புறம் வேலைகள் வேகமெடுத்தன. 2023 ஜூனில் அமிர்தசரசில் ஹரியானாவை 2–1 என்று வென்று தமிழ்நாடு தேசியக் கோப்பையை இரண்டாம் முறை தூக்கியது. கால்பந்துக் கூட்டமைப்பு மகளிர் லீகை மாற்றி அமைக்க முடிவெடுத்தது. முதல் வரிசைக் கிளப் ஒவ்வொன்றும் குறைந்தது பத்து இந்திய ஆட்டக்காரர்களை ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாய்க்குக் குறையாத ஒப்பந்தத்தில் எடுக்க வேண்டும் என்று அறிவித்தது. மாதத்துக்கு 27,000 ரூபாயைத் தொடாத தொகைதான். ஆனால் சான்றிதழ் முத்திரைக்கு அலைந்த தலைமுறைக்கு, ஆடுவதற்கென்றே கையில் வரும் சம்பளம். வெறும் 18 நாள் ஆட்டத்துக்கு யார் ஆண்டுச் சம்பளம் தருவார்கள்? 1888இல் மெக்ரெகர் போட்ட அதே கணக்கு இங்கேயும் வந்து நின்றது. சம்பளம் வேண்டுமென்றால் ஆட்டத்துக்குத் தேதி வேண்டும்.

2023 டிசம்பரில் அந்தத் தேதிகள் வந்தன. ஒரு தாள். அதில் ஏழு அணிகள்: சேது, கோகுலம், ஈஸ்ட் பெங்கால், ஒடிசா எஃப்சி, கிக்ஸ்டார்ட், ஹாப்ஸ், ஸ்போர்ட்ஸ் ஒடிசா. ஒவ்வொருவரோடும் சொந்த ஊரில் ஒன்று, எதிரணி ஊரில் ஒன்று. ஆளுக்கு 12 ஆட்டங்கள், மொத்தம் 42. டிசம்பரில் தொடங்கி மார்ச் வரை. சீரி ஆ ரசிகர்கள் ஆண்டுதோறும் கோடையில் ஒரு பார்வை பார்த்துவிட்டு அலட்சியமாக மடித்து வைக்கும் அதே ஆட்ட அட்டவணைதான். சீசன், சீசன் என்று ஊரே பேசுகிறதே, அந்தச் சீசனின் உடம்பு அந்தத் தாள். ஆங்கிலேய ஆண்களுக்கு அது 1888இல் கிடைத்தது, இத்தாலிக்கு 1929இல். இத்தாலியப் பெண்களின் லீக் 1968இல் தொடங்கினாலும் அவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஆனது 2022இல்தான். இந்தியப் பெண்களுக்குச் சொந்த ஊரும் எதிரணி ஊருமான முதல் சீசன் கைக்கு வந்தபோது, மெக்ரெகரின் கடிதத்துக்கு 135 வயது.

அந்தச் சீசனின் கோப்பையை ஒடிசா எஃப்சி வென்றது. இந்திய மகளிர் லீகில் ஊர் ஊராகப் போய் ஆடி முதன்முதலில் சாம்பியனான அந்த அணியின் நடுக்களத்தில், கடலூரிலிருந்து போன இந்துமதி கதிரேசன் ஆடினார்.